கழற்றும் அறைக் கதவில் நின்றவள்

கோபம் வந்தால் கதவு அக்காவுக்குப் பேச்சு வராது. காது இரண்டும் சிவந்துவிடும். அவள் புருஷன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இருபது வருஷக் குடித்தனத்தில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். "காது பழுத்துடுச்சு, எனக்கு அவசர வேலை வந்துடுச்சு" என்று செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவள் அவள். அம்மா வேலைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் மூத்தவள். பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதோடு வாயும் போய்விட்டது போல அப்படி ஒரு கூச்சம். பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட நடத்துநரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவாள். ஆனால் வாய்க்குப் போகவேண்டியதெல்லாம் சேர்ந்து கண்ணுக்குப் போயிருந்தது. ஒரு தடவை பார்த்தால் போதும், மனதில் பதிந்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷம் தரை துடைத்தாள். எந்த வார்டில் யார் எந்த மூலையில் நின்று அழுவார்கள், எந்த டாக்டர் கையைக் கழுவாமலே கழுவியதுபோலத் துடைத்துக்கொள்வார் என்பது வரை அவளுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது.

மூன்றாம் மாடியை முழுக்கப் பூட்டிக் காய்ச்சல் வார்டு ஆக்கினார்கள். உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. போகிற வழியில் கவச உடை மாட்டும் அறை. வருகிற வழியில் கழற்றும் அறை. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் ஆபத்து என்று எல்லாரும் நினைத்தார்கள். கழற்றுவது அதைவிட ஆபத்து. எட்டு மணி நேரம் உடை முழுக்க ஒட்டிய விஷத்தைச் சொந்தக் கையாலேயே உரிக்க வேண்டும். களைத்த கை ஒரு நொடி கண்ணுக்குப் போனால் முடிந்தது கதை. அதனால் கழற்றுகிறவர் முன்னால் ஒருவர் நின்று, இப்போது இது, அடுத்தது அது என்று வரிசை சொல்ல வேண்டும்.

வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர் இரண்டு நாள் அதைச் செய்து காட்டினார். நர்ஸுகள் நின்று பார்த்தார்கள். அவள் மூலையில் தரை துடைத்தபடி பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் தூக்கக் கலக்கத்தில் கையுறையோடு மாஸ்க்கைப் பிடித்தபோது, பதினான்கு வருஷமாகச் சத்தம் போடாதவள் சத்தம் போட்டாள்.

"சிஸ்டர், கை!"

அறையே திரும்பிப் பார்த்தது. நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் அவளிடம் வந்தார். "வரிசை உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்லு பார்க்கலாம்."

பதினான்கு படிகளையும் சொன்னாள். எந்தெந்தப் படிக்கு நடுவில் கையைக் கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மறுபடி துடைக்கக் குனிந்தாள். மேட்ரன் துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். அன்றிலிருந்து அவள் கதவு அக்கா.

தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்கள். தொடக் கூடாது, விழுந்தாலும் ஓடிப் பிடிக்கக் கூடாது. குரல் மட்டும் போகலாம். "ஒண்ணும் அவசரமில்ல. வீட்டுக்குப் போகத்தான் போறோம். மொதல்ல மேல் கிளவுஸ். சுருட்டி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி. ஆங், அப்படித்தான். இப்ப கை." தாய் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவதுபோல அந்தக் குரல் இருந்தது என்பார்கள். வெளியே பேசாத பேச்சையெல்லாம் அவள் அங்கே பேசினாள்.

கண்டதோ, யாரிடமும் சொல்ல முடியாதது. கையுறையை இழுத்ததும் கை நுனியிலிருந்து குழாய்போல வியர்வை கொட்டும். மூக்குத் தண்டில் மாஸ்க் அறுத்துத் தோல் உரிந்திருக்கும். காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் உடையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மறுபடி மாட்ட வேறு உடை கிடையாது. சில பெண்கள் பெரியவர்கள் கட்டும் டயப்பரைக் கட்டிக்கொண்டு போனார்கள். கழற்றும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளும் அந்த நேரம் பார்த்துக் கண்ணை ஜன்னல் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோய்விடுவாள்.

எட்டு மணி நேரத்தை நாலு நாலாகப் பிரித்துக் கொடுங்கள் என்று மேட்ரன் இரண்டு தடவை எழுதிக் கேட்டார். ஆஸ்பத்திரியின் தலைவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் பதில் அனுப்பினார்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் உடைதான் வருகிறது, சமாளியுங்கள்.

அந்தக் கடிதம் வந்த வாரமே மேலிடத்திலிருந்து பார்வையிட ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கும் ஆறு உடை. மாட்டிக்கொண்டு நடைபாதைக் கண்ணாடிக் கதவு வரை போனார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், திரும்பி வந்தார்கள். கதவு அக்காதான் வரிசை சொல்லிக் கழற்றவைத்தாள். ஆறு உடையின் உள்பக்கத்திலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அப்போதே பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது போல மடிப்புக்கூடக் கலையாமல் குப்பையில் விழுந்தன. அன்றைக்கு அவள் காது சிவந்தது சிவந்ததுதான். புருஷன் இரண்டு நாள் பணிமனையிலேயே சாப்பிட்டான்.

அடுத்து வந்தது பலகை.

கழற்றும் அறையைத் தாண்டி, கை முகம் கழுவும் இடத்துக்கு எதிரே ஆபீஸிலிருந்து ஒரு பெரிய பலகையை மாட்டினார்கள். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று மேலே வண்ண எழுத்து. வரிசையாக எல்லாருடைய பெயரும், ஒவ்வொரு பெயருக்கும் நாற்பத்திரண்டு கட்டமும். சிரிக்கிற மஞ்சள் முகம், சும்மா இருக்கிற வெள்ளை முகம், அழுகிற நீல முகம் என்று மூன்று ஸ்டிக்கர் சுருள். ஊழியர்களின் மனநலத்தைத் தலைமை அக்கறையோடு கவனிக்கிறதாம்.

முதல் வாரம் பலர் உண்மையை ஒட்டினார்கள். நீலம் ஒட்டினவர்களில் ஒருத்தி சின்ன சிஸ்டர்.

ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த நர்ஸ். வயது இருபத்துநாலு. உடல் அவ்வளவு சிறியது. எந்தக் கவச உடையும் அவளுக்குப் பொருந்தாது. இடுப்பிலும் முழங்காலிலும் டேப் சுற்றித்தான் உள்ளே அனுப்புவார்கள். "பார்சல் ரெடி, முகவரி எழுதுங்க" என்பாள் அவளே. கழற்றும்போது டேப்பை வெட்டக் கால் மணி கூடுதலாகும். அந்தக் கால் மணியும் கதவு அக்காவிடம் வாய் ஓயாமல் பேசுவாள். "அக்கா, நீங்க மட்டும் டாக்டருக்குப் படிச்சிருந்தீங்கன்னா பாதி ஆஸ்பத்திரி பயந்திருக்கும்." அக்கா சிரிப்பாள். "பேசாம கையைப் பாருங்க சிஸ்டர்."

நீலம் ஒட்டினவர்களுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. டூட்டி முடிந்த பிறகு, தூங்கப் போக வேண்டிய நேரத்தில், இரண்டாம் மாடியில் மன அமைதி வகுப்பு. டிவி திரையில் ஒருவர் கண்ணை மூடுங்கள், கடற்கரையை நினையுங்கள் என்றார். மூடின கண்ணை யாரும் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன் விட்ட குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது. திரையில் இருந்தவர், "பாருங்கள், ஒருவர் எவ்வளவு ஆழமாகப் போய்விட்டார்" என்று பாராட்டினாராம். அன்றிலிருந்து அந்த அண்ணனுக்குக் குறட்டை என்றே பெயர்.

சிரித்தது அதோடு சரி. மூன்று தடவை நீலம் ஒட்டினால் "பணிக்குத் தகுதிக் குறைவு" என்று குறித்துவைப்போம் என ஒரு சுற்றறிக்கை வந்தது. மறுநாளிலிருந்து நீல முகம் ஒன்றுகூடப் பலகையில் ஏறவில்லை. வெள்ளையும் நின்றது. மஞ்சள் தீர்ந்தபோது மட்டும், கேட்ட அன்றே நான்கு சுருள் வந்து இறங்கியது. கழற்றும் அறைக்கு உட்கார இரண்டு நாற்காலி கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அது வரவே இல்லை.

களைத்து வருகிறவர்கள் ஸ்டிக்கரை மறந்து போக ஆரம்பித்தார்கள். காலிக் கட்டத்துக்கு மெமோ வந்தது. வந்தது கதவு அக்காவின் பெயருக்கு. பலகை உன் பொறுப்பு, ஏன் நிரம்பவில்லை?

அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் மெமோ. எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தாள். அடுத்த நாள் மறந்து போனவர்களுக்குத் தானே மஞ்சள் ஒட்டினாள். பாவம், நின்று ஒட்டக்கூட முடியாமல் போகிறார்களே என்றுதான் ஒட்டினாள். பிறகு எல்லாருக்குமே அவளே ஒட்டினாள். "அக்கா, என்னைச் சிரிக்க வெச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பிறகு காலையில் ஆள் உள்ளே போவதற்கு முன்னாலேயே ஒட்டினாள். கடைசியில் திங்கட்கிழமை காலையில் சனிக்கிழமை வரைக்கும் ஒரே மூச்சில் ஒட்டி முடிக்கிற பழக்கம் வந்துவிட்டது. கண் கூர்மையானவள்தான். தன் கை என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

பலகை வந்த ஏழாவது வாரம் திங்கள் அன்று அப்படித்தான் ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்குச் சின்ன சிஸ்டர் வார்டுக்குள் நின்றபடியே சரிந்தாள். கட்டில் விளிம்பில் தலை அடிபட்டது. உடை தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. இரண்டு நாளில் அவளுக்கும் காய்ச்சல் கண்டது.

புதன்கிழமை கை கழுவ வந்தபோது கதவு அக்கா பலகையைப் பார்த்தாள். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறவளின் வரிசையில் சனிக்கிழமை வரை மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. கவச உடையில் ஒட்டுகிற டேப் அரை நாளில் உரிந்துவிடும். இந்தப் பாழாய்ப்போன ஸ்டிக்கர் மட்டும் சுவரோடு பிறந்ததுபோல ஒட்டியிருந்தது. வாரக் கடைசியில் நிரம்பிய பலகையை ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். புதுப் பலகை வந்தது.

மூன்று வாரம் கழித்துச் சின்ன சிஸ்டர் எழுந்து நடந்தாள். நடக்க ஆரம்பித்ததும் விசாரணை என்று தாள் வந்தது. உடல்நிலை சரியில்லாததை மறைத்து வார்டுக்குள் போனார், அரிய கவச உடையைச் சேதப்படுத்தினார், ஆகவே ஒப்பந்தத்தை ஏன் நீட்டிக்க வேண்டும்? ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தது. இந்தக் குறிப்போடு வெளியே போனால் வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது.

"என்ன அநியாயம்டி இது" என்றான் புருஷன், விஷயத்தைக் கேட்டதும். "பிரேக் பிடிக்காத வண்டியை நீ ஓட்டுன்னு அனுப்பிட்டு, மோதினதுக்கு டிரைவரைக் கேட்பாங்களா? எங்க டிப்போவுலகூட அப்படிச் செய்யமாட்டாங்க."

"நாளைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க."

"நீ எதுக்கு?"

"பலகையை நான்தான் பார்த்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணுமாம்."

பலகையில் ஒட்டினது யார் என்று அவனுக்குத் தெரியும். "போட்டா?"

"அவங்க சொல்றது ஊர்ஜிதம் ஆயிடும்."

"போடலன்னா?"

அவள் பாத்திரம் கழுவ எழுந்துபோனாள்.

விசாரணை அறை இரண்டாம் மாடியில் இருந்தது. குளிர்ந்த காற்று. நீள மேசை. பக்கத்துச் சுவரில் சாய்த்துவைத்த அந்த நிரம்பிய பலகை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். அவள் எண்ணிப் பார்த்தாள், ஏழு பாட்டில். ஒன்றின் மூடியும் திறந்திருக்கவில்லை. தாகமே எடுக்காத இடத்தில் வரிசையாக நின்ற அந்தத் தண்ணீரைப் பார்த்தபோதே காது சுட ஆரம்பித்தது.

சின்ன சிஸ்டர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் தையல் தழும்பு. மேட்ரன் தலையைக் குனிந்திருந்தார். பெரிய டாக்டர் கெட்டவர்போல இல்லை. அவரும் களைத்திருந்தார், சின்ன சிஸ்டரைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார்.

"இங்க பாரும்மா. நாம எல்லாரும் ஒரே குடும்பம். உனக்கு என்ன கஷ்டம்னாலும் சொல்றதுக்குத்தான் அந்தப் பலகையை வெச்சோம். நாற்பத்தொரு நாள் நல்லா இருக்கேன்னு நீயே ஒட்டியிருக்க. ஒரே ஒரு நாள்தான் நீலம். அப்ப நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

சின்ன சிஸ்டர் கதவு அக்காவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் வாயைத் திறந்து, நான் ஒட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா மாட்டுவாள் என்று சொல்லவில்லை.

ஆபீஸ் கிளார்க் கதவு அக்காவிடம் தாளை நீட்டினார். "இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடும்மா."

கதவு அக்கா பேனாவை வாங்கினாள். வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"சார், அது நான் ஒட்டினது."

"என்னது?"

"எல்லா மஞ்சளும். சிஸ்டருது மட்டும் இல்ல, அந்தப் பலகை முழுக்க. ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம் யாரும் எதுவும் ஒட்டல. நான்தான் ஒட்டினேன்."

கிளார்க் பேனாவை எடுத்துக்கொண்டார், யாரோ திருடிவிடுவார்கள் என்பதுபோல. பெரிய டாக்டரின் குரல் மாறியது. "இது ஆவண மோசடின்னு உனக்குத் தெரியுமா?"

அந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. பதினான்கு வருஷமாகத் தேங்கியிருந்தது மடை உடைந்து வந்தது.

"தப்புதான் சார். என்னைத் தண்டிங்க. ஆனா நீங்க பலகையைப் பார்த்தீங்களா? எண்ணத்தான் எண்ணியிருக்கீங்க, பார்க்கல. நாற்பத்தொண்ணுல கடைசி நாலு நாள் எதுன்னு பாருங்க. புதன், வியாழன், வெள்ளி, சனி. அந்த நாலு நாளும் இவங்க உங்க ஆஸ்பத்திரியிலயே குளுக்கோஸ் ஏறிக் கிடந்தாங்க. படுத்துக் கிடக்கிற பொண்ணு சந்தோஷமா இருக்குன்னு நீங்களும் கணக்கு எழுதிட்டீங்களே. ஆறாங்கிளாஸ் படிச்ச எனக்கு அது கண்ணுல படுது, ஏழு பேர் உட்கார்ந்திருக்கீங்க, ஒருத்தருக்கும் படலியா?"

கிளார்க் பலகையைத் திருப்பிப் பார்த்தார். கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினார். முகம் வெளுத்தது.

"குடும்பம்னு சொன்னீங்க. குடும்பத்துல ஒருத்தி பத்து மாடி தள்ளி இல்ல சார், உங்களுக்கு மேல மூணாம் மாடியிலதான் நிக்கிறா. மூணு மாசத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கழட்டுற அறைப் பக்கம் வந்திருக்கீங்களா? மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா? அதுக்குப் பலகை எதுக்கு? காலையிலிருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம, கால் நடுங்க நடுங்க வர்றவங்ககிட்ட ஸ்டிக்கர் ஒட்டுன்னு சொல்றது அக்கறையா? நாற்காலி கேட்டோம், வரல. நாலு மணி நேரம் கேட்டோம், உடை இல்லன்னீங்க. படம் எடுக்க வந்த ஆறு பேருக்கு உடை எங்கிருந்து வந்தது? அதை நான்தான் கழட்ட வெச்சேன். உள்ள வேர்வையே இல்ல சார். சும்மா தூக்கிப் போட்டோம்."

மூச்சு வாங்கியது. இவ்வளவு நீளமாக அவள் தன் கல்யாணத்திலும் பேசியதில்லை.

பெரிய டாக்டர் எழுந்தார். "விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. இந்த அம்மாவை உடனே மூணாம் மாடியிலிருந்து மாத்துங்க."

அரை மணி நேரத்தில் அவள் கையில் மறுபடி துடைப்பம் இருந்தது. கீழ்த்தளத்தில் வெளிநோயாளிகள் வரிசை நிற்கிற நடைபாதை. கழற்றும் அறைக்குக் கிளார்க்கையே அனுப்பினார்கள். சுவரில் வரிசை அச்சடித்து ஒட்டியிருக்கிறதே, படித்துச் சொன்னால் போதாதா?

பகல் இரண்டு மணிக்குக் காலை டூட்டி முடிந்தது. அதன்பின் நடந்ததைக் குறட்டை அண்ணன் பிறகு நடித்தே காட்டினான். எட்டுப் பேர் வரிசையாகக் கழற்றும் அறைக்குள் வந்தார்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கதவு அக்காவுக்குப் பதில் கிளார்க் நின்றார். காலையில் நடந்தது வார்டுக்குள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. குறட்டை முதலில் தரையில் உட்கார்ந்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேரும் உடையோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

"கழட்டுங்க, நேரமாகுது" என்றார் கிளார்க்.

"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல சார்" என்றான் குறட்டை. "எட்டு மணி நேரம் நின்னவங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் உட்கார வலிக்குமா? பெரிய டாக்டரை வரச் சொல்லுங்க. வரிசை அவரே சொல்லட்டும்."

முக்கால் மணி கழித்து அவர் வந்தார். வந்து, அச்சடித்த தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். தாளின் நடுவில் ஈரம் பட்டு இரண்டு வரி அழிந்திருந்தது. அழிந்ததைத் தாண்டி அடுத்ததைப் படித்தார்: "மாஸ்க்கைக் கழற்றவும்."

எட்டுப் பேரும் அசையவில்லை. குறட்டை கையைத் தூக்கிக் காட்டினான். "சார், கிளவுஸ் இன்னும் கையில இருக்கு. நீங்க சொன்னபடி கழட்டினா, அடுத்த வாரம் என் பேரும் விசாரணையில வரும். நல்லாத்தான் இருந்தான், அவனே கழட்டிக்கிட்டான்னு எழுதுவீங்க."

பெரிய டாக்டர் தாளை மடித்தார். "அந்த அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்.

கிளார்க் படி இறங்கி ஓடி வந்து சொன்னபோது, கதவு அக்கா துடைப்பத்தைப் பிழிந்து வைத்தாள். பிழிந்த வேகத்தில் வாளி சாய்ந்தது. மேலே போனாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். பெரிய டாக்டர் நகர்ந்து வழி விட்டு, அப்படியே கதவைப் பார்த்து நடந்தார்.

"சார், நில்லுங்க."

அவர் நின்றார்.

"எட்டுப் பேரும் கழட்டி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. பாருங்க."

பிறகு அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "ஒண்ணும் அவசரமில்ல. மொதல்ல நம்ம குறட்டை அண்ணன் எழுந்திரிங்க. சுவரைப் பிடிக்காதீங்க. ஆங். மேல் கிளவுஸ்."

ஒருவர் பின் ஒருவராகக் கழற்றினார்கள். முதல் ஆளின் கையுறையிலிருந்து வியர்வை தரையில் சளக்கென்று கொட்டியது. மூன்றாவது, இரத்தம் எடுக்கிற பெண். அவள் விரல் நடுக்கத்தில் முடிச்சு அவிழவில்லை. அக்கா நான்கு தடவை அதே வரியைப் பொறுமையாகச் சொன்னாள். ஐந்தாவது நர்ஸ் மாஸ்க்குக்குள்ளேயே வாந்தி எடுத்து, அதோடு இரண்டு மணி நேரம் வேலை செய்திருந்தாள். ஆறாவது பெண் கழற்றியபோது பெரிய டாக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். எதைப் பார்த்துத் திருப்பினார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அறையில் உட்கார ஒன்றும் இல்லாததால் அவரும் ஒன்றேகால் மணி நேரம் நின்றார். கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டார்.

எட்டாவது ஆள் கைகழுவி வெளியே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கை தட்டினார். இரண்டு தட்டு. கூட யாரும் தட்டவில்லை.

"கை தட்டாதீங்க சார்" என்றாள் கதவு அக்கா. "கையெழுத்துப் போடுங்க."

மேட்ரன் அதற்குள் தாள்களோடு வந்திருந்தார். விசாரணையில் தலை குனிந்து இருந்தவர் இப்போது நிமிர்ந்திருந்தார். நாளையிலிருந்து நாலு மணி நேர டூட்டி, பார்வையாளருக்கு உடை கிடையாது, கதவு அக்கா கதவிலேயே, சின்ன சிஸ்டருக்கு ஒப்பந்த நீட்டிப்பு. நான்காவது தாளை மட்டும் கிளார்க் ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் முறைப்படி டைப் அடித்து எடுத்து வந்தார். எல்லாவற்றிலும் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

நான்காவது தாளை எடுத்துக்கொண்டு கதவு அக்கா தெருவைத் தாண்டி நர்ஸுகள் விடுதிக்குப் போனாள். போகிற வழியில் தாளைப் பிரித்து அந்தக் கையெழுத்தை மட்டும் பார்த்தாள். இருந்தது. மற்ற எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை.

சின்ன சிஸ்டர் கட்டில்மேல் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அக்கா. உங்க வேலை என்னாச்சு? என்னால உங்களுக்கு..."

"என் வேலை எங்கயும் போகல. இதைப் பாருங்க."

வாங்கிப் படித்தாள். சிரித்தாள். மறுபடி படித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்லக்கா. வேலை இருக்கு. அது போதும்."

"என்ன எழுதியிருக்கு, படிங்க."

"'மேற்படி ஊழியரின் கவனக்குறைவை மன்னித்து, கருணை அடிப்படையில்' நீட்டிக்கிறாங்களாம்." சின்ன சிஸ்டர் தாளைக் கட்டிலில் வைத்தாள். "விடுங்கக்கா. இதுக்கு மேல சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல."

கதவு அக்கா அந்த வரியை விரலால் தடவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மன்னித்து. கருணை. ஒன்றேகால் மணி நேரம் நின்று அத்தனையையும் கண்ணால் பார்த்த மனுஷன் இதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இல்லாவிட்டால் படித்துவிட்டே போட்டிருக்கிறார். எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெம்பு வேணாம். நீங்க படுங்க" என்றாள். "யார் யாருக்குக் கருணை காட்டறது? விழுந்து எழுந்தது நீங்க. மன்னிக்கிறது அவங்களா?"

"அக்கா, அவங்க இப்ப கோபத்துல இருப்பாங்க."

"நானும்தான்."

தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் தெரியும். பெரிய டாக்டரின் கார் இன்னும் அங்கேதான் நின்றது.

"அந்த வரியை எடுக்க வெச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் பெட்டியை மூடவும் வேணாம், பிரிக்கவும் வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவு அக்கா படியிறங்கினாள்.